ரிப்பிங் சட்டை

"அக்கா, நம்ம டீயில தேனீயோட காலு கெடந்துச்சாம்" என்று ஷாலினி போனில் சொன்னபோது, நான் வேங்கிக்காலில் மகள் வீட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன்.

ஷாலினி, செங்கம் ரோட்டு கெஸ்ட் ஹவுசில் இப்போது ரிசப்ஷனில் இருக்கிற பெண். அந்த நாற்காலியில் அவளுக்கு முன்னால் இருந்தவள் நான். கெட்டிக்காரிதான், ஆனால் எது நடந்தாலும் எனக்கு ஒரு போன் போட்டுவிடுவாள்.

"எந்தக் காலு?" என்றேன்.

"முழங்காலு அக்கா. தெளிவாப் போட்டிருக்கு. 'மசாலா டீ தேனீயின் முழங்கால்கள்'னு."

விசாரித்தால் விஷயம் இது. இங்கிலாந்திலிருந்து ஒரு பெண் வந்து தங்கிவிட்டுப் போயிருக்கிறாள். ஊருக்குப் போய், தங்கின இடத்தைப் பற்றி இணையத்தில் நாலு வரி எழுதியிருக்கிறாள். ஷாலினியின் போன் அதைத் தமிழாக்கிக் கொடுத்துவிட்டது. சமையற்கட்டில் ஒரே ரகளை. மாஸ்டர் வெல்ல டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறார், வடிகட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார்.

"நான் மன்னிப்புக் கேட்டு எழுதிட்டேன் அக்கா. இனிமே ரெண்டு தடவை வடிகட்டித் தருவோம்னு."

"அவ என்ன சொன்னா?"

"ஒரு கேள்விக்குறி போட்டா. அப்புறம் சிரிக்கிற மூஞ்சி போட்டா."

இங்கிலீஷில் அவள் எழுதினதை அப்படியே படிக்கச் சொன்னேன். பீஸ் நீஸ். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கீரை முறம் மடியிலிருந்து சரிந்தது. "அடிப்பாவி, அது புகழ்ச்சிடி! டீ பிரமாதம்னு சொல்லியிருக்கா."

"தேனீ முட்டியில என்னக்கா புகழ்ச்சி?"

அங்கே நான் மாட்டிக்கொண்டேன். எனக்கும் தெரியாது. தேனீக்கு முட்டி இருக்கிறதா என்பதே சந்தேகம். இருந்தாலும் அதைப் பார்த்து எவன் மயங்கினான்? ஷாலினி விடவில்லை. "போன் இல்லாத காலத்துல நீங்க எப்படிக்கா சமாளிச்சீங்க? எழுதிக் குடுங்க, புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கும் காட்டறேன்" என்றாள். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சமாளித்தோம் என்று எழுத மனசு வரவில்லை. பெரும்பாலும் முழித்தோம். அப்படி முழித்ததில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

நான் கீழ்பென்னாத்தூர் பக்கம் வேர்க்கடலை பிடுங்கி வளர்ந்தவள். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. கல்யாணமாகி அடி அண்ணாமலைக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு வேலை நிலையில்லாததால், கெஸ்ட் ஹவுசில் அறை பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வருஷம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'டவல்', 'ஹாட் வாட்டர்', 'லேட்டர் ப்ளீஸ்'. கடைசியது அவர்கள் சொல்வது. கதவைத் தட்டினதும் உள்ளேயிருந்து வரும்.

ஆனால் எனக்குச் சின்ன வயசிலிருந்தே மனுஷர் பேச்சில் ஒரு பைத்தியம். பஸ்ஸில் போனால் வெளியே பார்க்க மாட்டேன், பின் சீட்டுப் பேச்சைக் கேட்பேன். கோயில் வாசலில் பூ விற்கிற ஒருத்தி, "மழை வந்தா மல்லி அழுவுது, மல்லி அழுதா நான் அழுவுறேன், நான் அழுதா எவன் பூ வாங்குறான்?" என்பாள். அந்த ஒரு வரிக்காக அவளிடமே பூ வாங்குவேன். அதே காதுதான் வெள்ளைக்காரர் பேச்சிலும் போய் ஒட்டிக்கொண்டது. துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டேன், கேட்டதைத் திருப்பிச் சொன்னேன், தப்பாகச் சொன்னேன், சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சில வருஷத்தில் என்னை ரிசப்ஷனில் உட்கார வைத்துவிட்டார்கள்.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, வெள்ளைக்காரர் எல்லாரும் ஒரே இங்கிலீஷ் பேசுவதில்லை. அதிலும் பாராட்டு ஒரு தனிச் சிக்கல். எங்களிடம் வந்த அமெரிக்காக்காரர்களுக்கு எல்லாமே 'அமேசிங்'. மலையும் அமேசிங், சட்னியும் அமேசிங், குழாயில் தண்ணீர் வந்தாலும் அமேசிங். அதனால் அந்தச் சொல்லைக் கேட்டால் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். ஜெர்மன்காரர் ஒருத்தர் அறையை அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிட்டு, 'இட் இஸ் கரெக்ட்' என்றார். அதுதான் அவர் தருகிற மாலை மரியாதை என்று மறு வருஷம் அவர் திரும்பி வந்தபோதுதான் புரிந்தது. இங்கிலாந்துக்காரர்கள் எதிர்ப்பக்கம். ரொம்பப் பிடித்திருந்தால் குரலைத் தாழ்த்தி 'நாட் பேட்' என்பார்கள். மோசமில்லையாம். சாப்பாடு போட்டவரிடம் நம் ஊரில் அப்படிச் சொன்னால் அடுத்த வேளை ரசம்தான்.

இந்தச் சொற்களுக்கெல்லாம் எங்கள் கெஸ்ட் ஹவுசில் ஒரு நீதிமன்றம் இருந்தது. நீதிபதி தனகோட்டி சார், எங்கள் மேனேஜர்.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெல்லிய உருவம், வெள்ளைச் சட்டை, மேல் பட்டன் வரை போட்டிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாரைத் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். "நாளையிலேர்ந்து நீங்க வர வேணாங்க" என்று அவர் ஒரு வாட்ச்மேனிடம் சொன்னபோது, அவன் லீவு கிடைத்ததாக நினைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனான். யோசிக்க வேண்டியது வந்தால் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையில் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி துடைத்து மாட்டுவார். மாட்டினால் தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம்.

காலை டிபன் முடிந்ததும் அவர் என் மேஜைக்கு வந்து நிற்பார். முந்தின நாள் கிளம்பிப் போன விருந்தாளி அறையைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி, துணிமணியைப் பற்றி என்ன சொன்னார் என்று நான் ஒப்பிக்க வேண்டும். முதலில் இங்கிலீஷில், பிறகு தமிழில். அந்தந்த வேலைக்காரர்களும் பக்கத்தில் நிற்பார்கள். "சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்க இந்திராணி. உங்க கைச்சரக்கு வேணாங்க" என்பார். கேட்டு முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் 'நிறை' அல்லது 'குறை' என்று ஒரே ஒரு சொல். மேல்முறையீடு கிடையாது. ஒருத்தருக்கு மூன்று குறை வந்தால் போச்சு.

ரசாக் பாய்க்கு ஏற்கெனவே இரண்டு குறை வந்திருந்தது.

பாய் தையல்காரர். அவர் குடும்பம் தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிறது. தேரடிப் பக்கம் வைத்திருந்த கடை ரோடு அகலப்படுத்தினதில் போய்விட்டது. அதன்பிறகு எங்கள் மாடிப்படிக்குக் கீழே ஒரு மெஷினும் ஸ்டூலும் போட்டுக்கொள்ள இடம் கொடுத்திருந்தார்கள். விருந்தாளிகளுக்கு காட்டன் சட்டை, பைஜாமா தைத்துக் கொடுப்பார். முதல் குறை, ஒரு உயரமான ஆளுக்குப் பைஜாமா கணுக்காலோடு நின்றுவிட்டது. "அந்த ஆளு அளவெடுக்கச் சொல்ல குனிஞ்சி நின்னான் இந்திராம்மா, நான் என்னா பண்றது?" என்பார். இரண்டாவது, ஒரு அம்மாள் வெந்தயக் கலர் கேட்க இவர் மஞ்சள் வாங்கிவிட்டார். படிக்குக் கீழே இருந்த அந்த இடத்தின் மேல் முதலாளியின் மச்சானுக்கு ஒரு கண். அங்கே டாக்சி புக்கிங் வைக்க ஆசை. மூன்றாவது குறை வந்தால் பாயின் மெஷின் ரோட்டுக்குப் போகும். அது பாய்க்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இந்த நிலையில்தான் ஜெஃப்ரி ஐயா சட்டை தைக்கக் கொடுத்தார்.

ஜெஃப்ரி ஐயா வருஷா வருஷம் கார்த்திகைக்கு முன்னால் வந்து, வெயில் ஏறுகிற வரை தங்குகிற இங்கிலாந்துப் பெரியவர். எண்பது தாண்டிவிட்டது. காலையில் மலையைப் பார்த்து ஒரு நாற்காலி, மாலையிலும் அதே மலை, அதே நாற்காலி. சின்ன வயசில் விடுதிப் பள்ளிக்கூடத்தில் படித்தவராம். அந்தப் பையன்கள் அந்தக் காலத்தில் பேசிய பேச்சு அவர் வாயோடு தங்கிவிட்டது. மற்ற இங்கிலாந்துக்காரப் பிள்ளைகளே அவர் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஒரு பெண்ணிடம் கேட்டேன். "இப்ப யாரும் இப்படிப் பேசறதில்லை" என்று அவள் சொன்னாள்.

அந்த வருஷம் அவருடைய அக்கா மார்ஜரி அம்மாள் இங்கிலாந்திலிருந்து முதல் தடவையாக அவரைப் பார்க்க வருவதாக இருந்தது. "இங்கே வந்து சாமியார்களோடு கெட்டுப்போய்விட்டேன் என்று அவள் நினைக்கிறாள். பரதேசி மாதிரி அவள் முன்னால் நிற்க மாட்டேன்" என்றார் என்னிடம். நீலக் கோடு போட்ட துணி ஒன்று தானே போய் வாங்கிவந்தார். பாய் அதை வெட்டுவதற்கு முன்னால் மேஜையில் விரித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காலர் திரும்புகிற இடத்தில் கோடும் கோடும் முட்ட வேண்டும், பையில் ஓடுகிற கோடு சட்டைக் கோட்டோடு போய்ச் சேர வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

அக்கா வருவதற்கு முந்தின நாள் காலை. ஜெஃப்ரி ஐயா சட்டையைப் போட்டுக்கொண்டு என் மேஜைக்கு எதிரில் இருக்கிற ஆளுயரக் கண்ணாடி முன்னால் வந்து நின்றார். இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். பாய் நூலைப் பல்லில் கடித்தபடி நிற்கிறார். சாரும் அப்போதுதான் வந்து நின்றார்.

"ரிப்பிங்!" என்றார் ஜெஃப்ரி ஐயா. "அப்சல்யூட்லி ரிப்பிங், ஓல்ட் மேன்!"

சார் என்னைப் பார்க்கவில்லை. அந்தச் சொல் அவருக்கே தெரியும். "கிழியுதாங்க பாய்" என்றார்.

பாய் பல்லிலிருந்த நூல் விழுந்தது. ஒரே எட்டில் போய், ஐயாவின் கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தார். பக்கத் தையலை இழுத்துப் பார்த்தார். ஜெஃப்ரி ஐயாவுக்குக் கூச்சம், சிரிக்கிறார். பாய் சட்டையைக் கழற்றியே வாங்கிவிட்டார். பெரியவர் பனியனோடு நிற்கிறார்.

"எங்க கிழிஞ்சிருக்கு? ஒரு இழை காட்டச் சொல்லும்மா!"

ஏதோ தப்பாகப் போகிறது என்று ஜெஃப்ரி ஐயாவுக்கும் தெரிந்துவிட்டது. திருத்தப் பார்த்தார். "நோ, நோ! டாப் ஹோல்!"

"மேல ஓட்டையாங்க" என்றார் சார்.

பாய் காலரை விரலால் தடவிப் பார்த்தார். தோளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஓட்டையா? என் சட்டையில ஓட்டையா?"

"ஸ்மாஷிங்!" என்று இன்னும் பலமாகச் சொன்னார் பெரியவர், காது கேட்காதவர்களிடம் சொல்வது போல.

"நொறுங்கிப் போச்சாம்."

பாய் ஒவ்வொரு பட்டனாகத் திருகிப் பார்த்தார்.

எனக்குத் தலை சுற்றியது. வாய் சொல்கிறது கிழிசல், ஓட்டை, நொறுங்கல். கண்ணோ கல்யாண வீட்டுக் கண் மாதிரி இருக்கிறது. சரி, சுற்றி வளைக்காமல் நேரடியாகக் கேட்டுவிடுவோம் என்று எழுந்தேன். "சார், ஷர்ட் குட்? ஆர் பேட்?" என்று ஐயாவிடம் கேட்டேன். இதைவிடத் தெளிவாக ஒரு கேள்வி இருக்க முடியாது. அவர் சந்தோஷமாகத் தலையை ஆட்டிச் சொன்னார்: "ஓ, நாட் ஹாஃப் பேட்!"

சார் இப்போது என் பக்கம் திரும்பினார். "சொன்னதைச் சொன்னபடி."

"பாதி மோசம் இல்லையாம் சார்" என்றேன்.

"அப்போ மீதிப் பாதிங்க?"

பெரியவர் பார்த்தார், இவர்களுக்கு அந்தச் சொல்தான் தெரியவில்லை போலும், விளக்கிவிடுவோம் என்று இரண்டு கையாலும் எதையோ பிடித்து நடுவில் கிழிப்பது போலச் செய்து காட்டினார். "ரிப்!" பிறகு தலையை ஆட்டி, சிரித்து, பாயின் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு, மலையைப் பார்க்கப் போய்விட்டார். பனியனோடுதான்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். மாட்டுவதற்குள் பேசிவிட வேண்டும்.

"சார், ஒரு நிமிஷம். நம்ம ஊர்ல சினிமா பார்த்துட்டு வந்து 'கொன்னுட்டான்'னு சொல்றாங்களே, போலீசா வருது? 'பின்னிட்டான்'னு சொல்றான், எதைப் பின்னினான்? 'கிழிச்சிட்டான்'னே சொல்றாங்க சார். அவங்க ஊர்லயும் அப்படி இருக்கக் கூடாதா?"

"'என்னத்தைக் கிழிச்சே'ன்னும் நம்ம ஊர்ல கேக்கறாங்களே" என்றார் சார்.

அதுவும் உண்மைதான். கிழிப்பது ஒன்று, அது மாலையா செருப்பா என்பது சொல்கிறவன் மூஞ்சியைப் பொறுத்தது.

"நம்ம பேச்சு வேறங்க. இங்கிலீஷ் சட்டம் எழுதற பாஷை. அதுல இப்படி விளையாட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "இருந்தாலும் அவரு பெரியவரு, வாய் குழறியிருக்கலாம். நாளைக்கு அவங்க அக்கா வர்றாங்க இல்லீங்களா? அவங்க பார்த்து என்ன சொல்றாங்களோ அதுதான். நிறைன்னா நிறை. குறைன்னா பாய், மெஷினை எடுத்துக்குங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பாயிடம் ஆறுதல் சொல்லலாம் என்று போனேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சட்டையை மடியில் வைத்திருந்தார். "வாழ்நாள் முச்சூடும் 'என்னத்தக் கிழிச்சே'ன்னு கேட்டவங்க ஜாஸ்தி இந்திராம்மா. கிழிச்சிட்டேன்னு சொன்ன மொத ஆளு இவருதான்" என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுவிட்டு வந்தேன். வந்த வேலை அன்றைக்கு நிறைய. அவரை மறுபடி பார்க்க நேரமில்லை.

மறுநாள் காலை வந்தால், பாயின் மேஜையில் சட்டை இல்லை. கை தனி, காலர் தனி, முன்பக்கம் இரண்டு, முதுகு ஒன்று, பை ஒன்று. சலவைக்குப் போய் வந்த மாதிரி அழகாக அடுக்கியிருக்கிறது.

"பாய்! என்ன பாய் இது?"

"பிரிச்சிட்டேன்" என்றார். "அவரே கையில செஞ்சி காட்டினாரே, நீ பார்க்கல? ரிப்புன்னா பிரின்னுதானே? தையல்காரன்கிட்ட வந்து ஒருத்தன் இப்படிக் கைய வெச்சி காட்டினா வேற என்னா அர்த்தம்? பிரிச்சித் தைக்கச் சொல்றாரு. எங்க பிரிக்கணும்னு சொல்லல. அதான் மொத்தமா பிரிச்சிட்டு, வரட்டும், கேட்டுக்கலாம்னு இருக்கேன்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். மார்ஜரி அம்மாளின் டாக்சி காலையிலேயே சென்னையிலிருந்து கிளம்பிவிட்டது என்று போன் வந்திருந்தது. அதற்குள் படியிலிருந்து செருப்புச் சத்தம். ஜெஃப்ரி ஐயா முகம் மழித்து, முடியைப் படிய வாரி, சட்டைக்காக இறங்கி வருகிறார்.

மேஜையைப் பார்த்தார். கையைப் பார்த்தார், காலரைப் பார்த்தார். ஒரு விரலால் நீலக் கோட்டைத் தொட்டார்.

"ஆ" என்றார். பிறகு, "ஜாலி குட். ஸ்ப்ளெண்டிட்." பாயைப் பார்த்துத் தலையை ஆட்டினார். திரும்பி, தோள் தொங்க, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் படியேறிப் போனார்.

பாய் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப என்னாம்மா சொன்னாரு?"

"ரொம்ப நல்லது, அற்புதம்னு சொன்னாரு பாய்."

"அற்புதம்னு சொல்ற ஆளு முதுகு இப்படியா இருக்கும்?" என்றார் பாய். பிறகு மெதுவாக, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்: "நேத்து கிழிஞ்சிது, ஓட்டை, நொறுங்கிச்சின்னு சொன்னாரே, அப்ப மூஞ்சி எப்படி இருந்திச்சி? பெருநாளுக்குப் புதுத்துணி போட்ட மாதிரி இருந்திச்சே." சட்டென்று எழுந்தார். "யா அல்லா! நல்லதை இல்ல நான் பிரிச்சிட்டேன்!"

ஸ்டூலை இழுத்துப் போட்டார், நூலைக் கோத்தார், மெஷின் ஓட ஆரம்பித்தது. முதலில் தோள் இரண்டையும் சேர்த்தார். காலரைப் பொருத்தும்போது மட்டும் நிறுத்தி, கோட்டோடு கோடு முட்டுகிறதா என்று கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அவசரத்திலும் அதை விடவில்லை. பழைய தையல் ஓட்டை தெரியாதபடி அதே தடத்தில் ஊசியை நடத்த வேண்டுமாம், இல்லாவிட்டால் துணி அம்மை வடு மாதிரி ஆகிவிடுமாம். கையை ஏற்றினார், அக்குளிலிருந்து இடுப்பு வரை ஒரே ஓட்டமாக ஓட்டினார். நான் இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணிவைத்தேன். சார் ஒரு தடவை அந்தப் பக்கமாக வந்தார், மேஜையைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போனார்.

பைதான் பாக்கி. வாசலில் டாக்சி வந்து நின்றது.

பாய் தலை நிமிரவில்லை, மிதி வேகமானது. நான் வாசலுக்கு ஓடினால், சார் எனக்கு முன்னால் அங்கே நிற்கிறார். மார்ஜரி அம்மாள் இறங்கினார். ஜெஃப்ரி ஐயாவைவிட உயரம், கையில் தடி, நேரான முதுகு. சார் அவருக்கு வணக்கம் சொல்லி, மலையைக் காட்டிப் பேச ஆரம்பித்தார். இந்தப் பக்கம் பார்த்தால் ஒரு மாதிரி தெரியும், பின்பக்கம் போய்ப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும், பௌர்ணமிக்குக் கூட்டம் எப்படி வரும், மழைக்காலத்தில் உச்சியில் மேகம் எப்படி உட்காரும்... சார் வாயில் அத்தனை இங்கிலீஷ் நான் கேட்டதே இல்லை. அந்த அம்மாள் தடியை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு கேட்டார். சார் நிஜமாகவே மலையைப் பற்றித்தான் பேசினாரா, மெஷின் சத்தம் நிற்பதற்காகப் பேசினாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. மெஷின் நின்றதும் அவர் பேச்சும் நின்றது என்பது மட்டும் தெரியும்.

ஜெஃப்ரி ஐயா இறங்கி வந்தபோது சட்டை அவர் மேல் இருந்தது. இஸ்திரிச் சூடு கூட ஆறியிருக்காது. அக்காவும் தம்பியும் கட்டிக்கொள்ளவில்லை. கைகொடுத்துக்கொண்டார்கள். பிறகு அந்த அம்மாள் தடியை ஊன்றி அவரைச் சுற்றி வந்தார். காலரைப் பார்த்தார். மணிக்கட்டுப் பட்டியை இரண்டு விரலால் பிடித்து இழுத்துவிட்டார். பாய் கழுத்தை நீட்டிப் பார்த்தார். நானும்தான்.

"இட்டில் டூ" என்றார் அம்மாள்.

சமையற்கட்டு ஜன்னலிலிருந்து உடனே குரல் வந்தது: "ரெண்டு இட்லி!"

"டிபன் அப்புறம் ஆகட்டுங்க" என்றார் சார். "சட்டையைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு கேளுங்க."

"சட்டையைத்தான் சார் சொன்னாங்க. இட்டில் டூ."

"அப்போ தமிழ்ல சொல்லுங்க. சொன்னதைச் சொன்னபடி."

இட்டில் டூ. ஆகும். போதும். வேலைக்கு உதவும். அந்தச் சொல்லை நான் முன்னாலும் கேட்டிருக்கிறேன். கைப்பிடி உடைந்த வாளிக்குப் பதிலாக வேறு வாளி கொடுத்தபோது ஒருத்தர் சொன்னார். வாளிக்குச் சொன்னதையா சட்டைக்கும் சொல்வது? சொன்னபடி சொன்னால் பாயின் மெஷின் ரோட்டில். ஆனால் ஜெஃப்ரி ஐயாவைப் பார்த்தேன். அவருடைய காது இரண்டும் சிவந்து போயிருந்தது. அக்கா ஒரு சுற்று பார்த்தது போதாது என்று, இன்னொரு தடவை பார்க்கட்டும் என்று, தீபாவளித் துணி போட்ட பிள்ளை மாதிரி தானாக முதுகைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அமோகமா இருக்குதாம் சார். இந்த மாதிரித் தையலை அவங்க ஊர்லயே பார்த்ததில்லையாம்" என்றேன்.

சார் என்னை உற்றுப் பார்த்தார். "ரெண்டு சொல்தானேங்க சொன்னாங்க?"

"இங்கிலீஷ் சுருங்கின பாஷை சார். தமிழ்ல போட்டா ஊறும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். வெளிச்சத்தில் பார்த்தார், மறுபடி துடைத்தார். மாட்டிக்கொண்டு ஜெஃப்ரி ஐயாவிடம் போய், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சட்டையின் பையை நகத்தால் நிமிண்டிப் பார்த்தார். கோட்டோடு கோடு போய்ச் சேர்ந்திருந்தது. திரும்பிப் பாயிடம், "பரவாயில்லைங்க பாய்" என்றார். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டார்.

தம்பி அக்காவை மலை பார்க்கிற நாற்காலிக்கு அழைத்துப் போனார். யாரும் கேட்காத இரண்டு இட்லி வந்து என் மேஜையில் உட்கார்ந்தது. பாய் மட்டும் கழுத்தில் அளவு நாடாவோடு நின்ற இடத்திலேயே நின்றார்.

"இந்திராம்மா" என்றார் தணிந்த குரலில். "சாரு பரவாயில்லைன்னுட்டுப் போறாரே. நல்லா இருக்குன்னு சொல்றாரா? இல்ல, போனாப் போவுதுன்னு சொல்றாரா? நான் இருக்கட்டுமா, மெஷினைக் கழட்டட்டுமா?"

நான் தமிழில் பிறந்து தமிழில் சண்டை போட்டு வளர்ந்தவள். சார் சொன்னதோ ஒரே ஒரு தமிழ்ச் சொல். அதை நாக்கில் உருட்டிப் பார்த்தேன். மழையில் நனைந்துவிட்டோம், பரவாயில்லை. பையன் பாஸ் பண்ணிவிட்டான், பரவாயில்லையே. செத்துப் பிழைத்தவரைப் பார்த்து, இப்போ பரவாயில்லையா? எதில் சேர்ப்பது?

"தெரியல பாய்" என்றேன். "இடத்தைக் காலி பண்ணுன்னு சொல்லல இல்ல? நீங்க பாட்டுக்கு உக்காருங்க."

பாய் ஸ்டூலில் உட்கார்ந்தார். அடுத்த துணியை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தார். பாதத்தை மிதியின் மேல் வைத்துக்கொண்டு, சாரின் அறைப் பக்கம் பார்த்தபடி கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். யாரும் வரவில்லை. அப்புறம் மிதித்தார்.